காய்ச்சல் படுக்கையில் கிடைத்த விடை: ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ்

தோட்டத்து வீட்டில் கோழி வளர்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். பெட்டைக் கோழி பத்து முட்டையை அடைகாத்து எட்டுக் குஞ்சு பொரிக்கும். ஒன்றைப் பருந்து தூக்கிவிடும். இரண்டை உடும்பு விழுங்கும். மழையில் நனைந்து ஒன்று சாகும். கழிச்சல் கண்டு இரண்டு போகும். ஆறு மாதம் கழித்து வாசலில் மேய்வது ஒன்றோ இரண்டோதான்.

காட்டில் வாழும் உயிர்களுக்கும் இதே கதைதான். எல்லா உயிர்களும் தேவைக்கு மேல் குட்டி போடுகின்றன, முட்டை இடுகின்றன. ஆனால் எதுவும் உலகை நிரப்பிவிடுவதில்லை. எது தடுக்கிறது? அந்தத் தடையைத் தாண்டிப் பிழைப்பது எது?

இந்தக் கேள்விகளை வாழ்நாள் முழுக்கச் சுமந்தவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். சிங்கப்பூரின் புக்கிட் தீமாவிலும் மலாக்காவிலும் சரவாக்கிலும் வலையைத் தூக்கிக்கொண்டு அலைந்த ஆங்கிலேயர். விலங்குகளின் பெருக்கத்தைத் தடுப்பது எது என்று கண்டு சொன்னார். அதே விடையை மனிதரின் பசிக்கும் காரணமாகக் காட்டுவது தவறு என்று பின்னாளில் வாதாடினார். பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்களான நமக்கு அவருடைய கதை தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளியை விட்ட சிறுவன்

வாலஸ் 1823 ஜனவரி 8ஆம் தேதி, வேல்ஸ் எல்லையில் உள்ள அஸ்க் என்ற சிற்றூருக்கு அருகில் பிறந்தார். அவருடைய தந்தை சட்டம் படித்தவர். ஆனால் அந்தத் தொழிலைச் செய்யவில்லை. போட்ட முதலீடுகளும் கைகொடுக்காமல் குடும்பம் ஆண்டுக்கு ஆண்டு நொடித்தது. வீட்டில் ஒன்பது பிள்ளைகள். அவர்களில் சிலர் வளரும் முன்பே இறந்துவிட்டனர்.

பணம் இல்லாததால் 14 வயதை எட்டும் முன்பே வாலஸின் பள்ளிப் படிப்பு நின்றது. அண்ணன் வில்லியம் நில அளவையாளர். அவருடன் சங்கிலி பிடித்து நிலம் அளக்கும் வேலைக்குத் தம்பியும் போனார்.

அது ஊர்ப் பொது நிலங்களைச் சட்டப்படி வேலியிட்டுத் தனியாருக்குக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். ஏழைகள் மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய நிலங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. அந்த வேலிக்குக் கோடு போட்டவர்களில் வாலஸும் ஒருவர். அப்போது அது அவருக்கு வெறும் வேலை. பின்னாளில் அதைச் சட்டத்தின் பெயரால் நடந்த கொள்ளையாகவே பார்த்தார்.

நூலகத்தில் படித்த புத்தகம்

1844இல் லெஸ்டர் நகரில் ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அந்த ஊர் நூலகத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. அங்குதான் ஹென்றி பேட்ஸ் என்ற இளைஞரின் நட்பு கிடைத்து, வண்டு சேகரிக்கும் ஆசை அவரைத் தொற்றிக்கொண்டது. அங்குதான் தாமஸ் மால்தஸ் எழுதிய மக்கள்தொகை நூலையும் படித்தார்.

மால்தஸ் ஒரு பாதிரியார். 1798இல் வந்த அவருடைய நூலின் சாரம் இதுதான்: மக்கள் 1, 2, 4, 8 என்று இரட்டிப்பாகப் பெருகுவார்கள். உணவு விளைச்சலோ 1, 2, 3, 4 என்றுதான் கூடும். எனவே பஞ்சம், நோய், போர் ஆகியவை குறுக்கே வந்து எண்ணிக்கையை இறக்கிவிடும்.

இந்தக் கருத்து ஏட்டோடு நிற்கவில்லை. ஏழைக்கு உதவினால் ஏழைகள்தான் பெருகுவார்கள் என்று வாதாட அது பயன்பட்டது. 1834இல் இங்கிலாந்தில் ஏழைகளுக்கான உதவியைக் கடுமையாக்கிய சட்டத்தின் பின்னணியிலும் அது இருந்தது. மேலும், கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி தர இங்கிலாந்தில் ஒரு கல்லூரியை நடத்தி வந்தது. அங்கு 1805 முதல் தாம் இறந்த 1834 வரை மால்தஸ் பேராசிரியராக இருந்தார். இந்தியாவை ஆளப் புறப்பட்ட இளைஞர்கள் பலர் அவரிடம் பாடம் கேட்டவர்கள்.

வாலஸ் நூலைப் படித்து முடித்தார். அப்போதைக்கு அது மனத்தின் ஒரு மூலையில் கிடந்தது.

அமேசானும் எரிந்த கப்பலும்

1848இல் வாலஸும் பேட்ஸும் தென் அமெரிக்காவின் அமேசான் காட்டுக்குப் புறப்பட்டனர். பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்து லண்டனுக்கு அனுப்பி, விற்று வரும் பணத்தில் பிழைப்பது திட்டம். மறு ஆண்டு வாலஸின் தம்பி ஹெர்பர்ட்டும் அங்கு வந்து சேர்ந்தார். 1851இல் மஞ்சள் காய்ச்சல் அந்தத் தம்பியைக் கொண்டுபோய்விட்டது.

1852இல் வாலஸ் ஊர் திரும்பினார். ஆகஸ்ட் 6ஆம் தேதி நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. அவர் உடன் கொண்டுவந்த சேகரிப்புகளும் குறிப்புகளும் பெரும்பாலும் சாம்பலாயின. பத்து நாள் திறந்த படகில் மிதந்த பிறகே வேறொரு கப்பல் அவர்களை மீட்டது. லண்டனில் இருந்த அவருடைய முகவர் முன்யோசனையோடு காப்புறுதி எடுத்து வைத்திருந்ததால், கையில் கொஞ்சம் பணமாவது மிஞ்சியது.

வேறொருவராக இருந்தால் அத்தோடு காட்டை மறந்திருப்பார். வாலஸ் இரண்டே ஆண்டுகளில் நம் பக்கம் கப்பலேறினார்.

புக்கிட் தீமாவில் 700 வகை வண்டு

1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் இறங்கியபோது அவருக்கு 31 வயது. புக்கிட் தீமாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரின் வீட்டில் தங்கினார். அன்றைய சிங்கப்பூர்க் காட்டில் புலிகள் இருந்தன. மிளகு, கேம்பியர் தோட்டங்களில் வேலை செய்த சீனர்களில் நாளுக்கு ஒருவர் என்ற அளவில் புலிக்குப் பலியாவதாக வாலஸ் எழுதி வைத்தார்.

அந்தக் காட்டில், ஏறக்குறைய ஒரு சதுர மைலுக்குள், இரண்டு மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகளைப் பிடித்தார். அதற்குக் காரணமும் கண்டுகொண்டார். சீன மரவெட்டிகள் தொடர்ந்து மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தனர். காயும் மரமும் மட்கும் பட்டையும் இலையும் வண்டுகளுக்கு விருந்தாயின. உணவு குவிந்த இடத்தில் வண்டும் குவிந்தது.

பிறகு மலாக்கா. லேடாங் மலையில் ஏறினார். வழியில் யானை, காண்டாமிருகத் தடங்களைக் கண்டார். காய்ச்சலும் கண்டது. டுரியான் பழத்தின் வாடை முதலில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. போர்னியோவில் மரத்தடியில் விழுந்த பழம் ஒன்றைத் தின்று பார்த்த பிறகு அதன் அடிமையாகிவிட்டார்.

அந்த ஆண்டு நவம்பரில் சரவாக் சென்றார். அங்கு அலி என்ற மலாய் இளைஞர் சமையல்காரராகச் சேர்ந்து, பறவை சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்று, அவருடைய வலக்கரமானார். வாலஸின் பெயரில் உள்ள பறவைகளில் கணிசமானவை அலியின் உழைப்பு.

சரவாக்கில் நடந்த ஒரு நிகழ்ச்சி இன்று படிக்கையில் நெஞ்சை உறுத்தும். அருங்காட்சியகங்களுக்கு விற்பதற்காக வாலஸ் ஒராங் ஊத்தான்களைச் சுட்டார். ஒரு தாயைச் சுட்டபோது அதன் குட்டி சதுப்பில் விழுந்து கிடந்தது. அதை எடுத்து வந்து வளர்த்தார். பால் கிடைக்காததால் கஞ்சித்தண்ணீர் ஊட்டினார். பற்றிக்கொள்ளத் தாயின் உடம்பு இல்லாமல் தவித்த குட்டிக்கு எருமைத் தோலைச் சுருட்டி ஒரு பொம்மைத் தாய் செய்து கொடுத்தார். மூன்று மாதம் ஆவதற்குள் குட்டி இறந்துவிட்டது. ஒராங் ஊத்தான் ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் குட்டி ஈனும் என்பதை இன்று நாம் அறிவோம். அப்படி மெதுவாகப் பெருகும் உயிருக்கு ஒவ்வொரு தாயின் சாவும் பெரிய இழப்பு.

தெர்னாத்தேயில் வந்த குளிர்காய்ச்சல்

1858 பிப்ரவரியில் வாலஸ் இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே உள்ள தெர்னாத்தே தீவைத் தன் இருப்பிடமாகக் கொண்டிருந்தார். குளிரும் சூடுமாக மாறி மாறி வரும் காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. ஒருநாள் அப்படிக் கிடந்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் படித்த மால்தஸ் நினைவுக்கு வந்தார். மனிதரைத் தடுக்கும் நோயும் பஞ்சமும் விலங்குகளையும் தடுக்கத்தானே வேண்டும்?

அவர் போட்டுப் பார்த்த கணக்கு எளிமையானது. ஒரு ஜோடிப் பறவை தன் ஆயுளில் நான்கு முறை மட்டும், ஒவ்வொரு முறையும் நான்கு குஞ்சு பொரிப்பதாக வைத்துக்கொள்வோம். இது குறைவான மதிப்பீடுதான். எதுவும் சாகாமல் இருந்தால், 15 ஆண்டுகளில் அந்த ஒரு ஜோடி ஏறக்குறைய 1 கோடிப் பறவைகளாகியிருக்கும். ஆனால் எந்த நாட்டிலும் பறவைகள் அப்படிப் பெருகுவதில்லை. அப்படியானால் ஆண்டுதோறும் எத்தனை பிறக்கின்றனவோ ஏறக்குறைய அத்தனையும் சாகின்றன என்றே பொருள்.

எனவே ஓர் உயிர் எத்தனை குட்டி போடுகிறது என்பது அதன் எண்ணிக்கையை முடிவு செய்வதில்லை என்றார் அவர். காட்டுப் பூனை நிறையக் குட்டி போடும். அதற்கு எதிரிகளும் குறைவு. ஆனாலும் முயல் அளவுக்கு அது பெருகுவதில்லை. முயலுக்குப் புல் எப்போதும் கிடைக்கும். பூனைக்கு இரை ஒருநாள் கிடைக்கும், மறுநாள் கிடைக்காது. மறுபக்கம், வட அமெரிக்காவின் பயணப் புறா ஒன்றோ இரண்டோ முட்டைதான் இடும். ஆனாலும் அது வானத்தை மறைக்கும் கூட்டமாகப் பறந்தது. ஓர் இடத்தில் தீனி தீர்ந்தால் நெடுந்தூரம் பறந்து வேறிடம் தேடும் வலிமை அதற்கு இருந்தது. நல்ல காலத்தில் எவ்வளவு உணவு இருக்கிறது என்பதைவிட, மிகக் கெட்ட காலத்தில் எவ்வளவு கிடைக்கிறது என்பதே எல்லையைப் போடுகிறது.

அடுத்த கேள்விதான் அவரை உலுக்கியது. இத்தனை சாகும்போது பிழைப்பவை எவை? பொதுவாக, வலுவானவை, வேகமானவை, நோயைத் தாங்குபவை, இரை தேடுவதில் கெட்டியானவை. அவற்றின் குணங்கள் குட்டிகளுக்குப் போகின்றன. தலைமுறை தலைமுறையாக இப்படிச் சலித்துச் சலித்து, பழைய இனத்திலிருந்து புதிய இனம் பிரிகிறது. இதைத்தான் இயற்கைத் தேர்வு என்கிறோம்.

காய்ச்சல் இறங்கியதும் அன்று மாலையே குறிப்பெடுத்தார். அடுத்த இரண்டு மாலைகளில் கட்டுரையை முடித்து, இங்கிலாந்தில் இருந்த சார்லஸ் டார்வினுக்கு அனுப்பினார்.

டார்வின் கைக்கு வந்த உறை

1858 ஜூன் 18ஆம் தேதி அந்தக் கடிதம் கிடைத்ததாக டார்வின் குறித்தார். படித்தவர் அதிர்ந்துபோனார். இருபது ஆண்டாகத் தாம் பூட்டி வைத்திருந்த அதே கருத்து அதில் இருந்தது. டார்வினுக்கும் அதன் பொறி 1838இல் மால்தஸைப் படித்தபோதுதான் கிடைத்திருந்தது.

நண்பர்கள் ஒரு வழி செய்தனர். ஜூலை 1ஆம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வினின் குறிப்புகளும் வாலஸின் கட்டுரையும் சேர்த்தே வாசிக்கப்பட்டன. வாலஸிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அவர் அப்போது நியூகினியில் இருந்தார். டார்வினும் வரவில்லை. அவருடைய கைக்குழந்தை சில நாள் முன்புதான் காய்ச்சலில் இறந்திருந்தது.

மறு ஆண்டு டார்வினின் நூல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. வாலஸ் பின்னுக்குப் போனார். அதற்காக அவர் கசப்படையவில்லை. 1869இல் வந்த தம்முடைய மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய நூலை டார்வினுக்கே காணிக்கையாக்கினார். 1889இல் எழுதிய நூலுக்கும் டார்வினின் பெயரிலேயே தலைப்பு வைத்தார்.

நம் தோட்டத்தில் அதே விதி

வாலஸ் சொன்னதைச் சரிபார்க்க நாம் தெர்னாத்தேவுக்குப் போக வேண்டியதில்லை. நம் தோட்டங்களே போதும்.

பால்மரத்தின் தாய்வீடு வாலஸ் சுற்றிய அதே அமேசான். அங்கு அது காட்டில் சிதறித்தான் நிற்கும். நெருக்கமாக நட்டால் இலைக்கருகல் நோய் மரத்துக்கு மரம் தாவி அழித்துவிடும். அமெரிக்க கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1928இல் பிரேசிலில் தொடங்கிய பெரும் ரப்பர்த் தோட்டம் கெட்டுப்போனதில் அந்தப் பூஞ்சைக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளோடு அந்த நோய் வரவில்லை. தடை பின்தங்கிவிட்டது, மரம் முன்னால் வந்துவிட்டது. மலாயா முழுக்க நிரை நிரையாகப் பால்மரம் நின்றது அதனால்தான். நம் பாட்டன் பாட்டிகளின் கைகளில் உளி ஏறியதும் அதனால்தான்.

செம்பனைத் தோட்டத்தில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை ஆந்தைக் கூடுகள். தோட்டத்தில் ஆந்தைக்குத் தின்ன எலிக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் ஆந்தை பெருகவில்லை. காரணம், முட்டையிடப் பொந்துள்ள மரம் இல்லை. பெட்டி வைத்ததும் ஆந்தை பெருகியது. எல்லையைப் போடுவது எப்போதும் உணவாகவே இருக்க வேண்டியதில்லை. எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே எல்லை.

பஞ்சம் இயற்கையா?

1862இல் எட்டு ஆண்டு அலைச்சல் முடிந்து வாலஸ் ஊர் திரும்பினார். அதற்குள் 1,25,660 மாதிரிகளைச் சேகரித்திருந்தார். 1866இல் ஆனி மிட்டனை மணந்தார். மூன்று பிள்ளைகளில் மூத்த மகன் 1874இல் இறந்தான். நிரந்தர வேலை கிடைக்கவில்லை, முதலீடுகளிலும் நட்டம். தேர்வுத்தாள் திருத்தியும் கட்டுரை எழுதியும் குடும்பம் நடத்தினார். 1881இல் டார்வின் முன்னின்று முயன்றதால் ஆண்டுக்கு 200 பவுண்டு அரசு உதவித்தொகை கிடைத்தது.

அந்த ஆண்டே நிலத்தைப் பொதுவுடைமையாக்கக் கோரும் சங்கத்துக்கு அவர் தலைவரானார். இளமையில் வேலிக்குக் கோடு போட்டவர், முதுமையில் வேலியை எதிர்த்து நின்றார்.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான், 1876 முதல் 1878 வரை, தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் வாட்டியது. மதராஸ் மாகாணத்திலும் சுற்றியுள்ள பகுதிகளிலும் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். நிவாரண வேலையில் மண் சுமந்த ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும்தான் கூலி என்று அரசு ஒரு கட்டத்தில் வெட்டியது. அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து தானியம் ஏற்றுமதியும் ஆனது. மக்கள் அளவுக்கு மீறிப் பெருகியதே பஞ்சத்துக்குக் காரணம் என்ற மால்தஸ் பாணிப் பேச்சு ஆட்சியாளர்களிடம் இருந்தது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியவர்களில் பலர் இந்தப் பசிக்குத் தப்பி வந்தவர்கள்.

1898இல் வாலஸ் 19ஆம் நூற்றாண்டின் வெற்றி தோல்விகளை ஒரு நூலில் கணக்கெடுத்தார். இந்தியா, சீனா ஆகிய நாடுகளின் பஞ்சங்களையும் தொழில் நகரங்களின் சேரி வறுமையையும் அந்த நூற்றாண்டின் மிகக் கொடிய தோல்விகளாக அதில் வைத்தார். அவருக்கு அவை இயற்கையின் தீர்ப்பு அல்ல. தடுத்திருக்கக் கூடிய அரசியல் குற்றம். மால்தஸைப் படித்துத்தான் அவர் இயற்கையின் விதியைக் கண்டார். ஆனால் அந்த விதியைக் காட்டி மனிதரைப் பட்டினி போடுவதை அவர் ஏற்கவில்லை.

காரணமும் சொன்னார். முயலால் புல்லைப் பங்கிட முடியாது. மனிதரால் தானியத்தைப் பங்கிட முடியும். மனிதப் பெருக்கம் தணியப் பட்டினி தேவையில்லை என்று 1890இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். பெண்களுக்குக் கல்வியும் சொந்தக் காலில் நிற்கும் வசதியும் இருந்தால், அவர்கள் தாமாக விரும்பிய காலத்தில், விரும்பியவரை மணப்பார்கள். திருமண வயது உயரும். பிறப்பும் குறையும் என்றார். பல நாடுகளில் அதற்குப் பிறகு நடந்தது ஏறக்குறைய அதுதான். நம் குடும்பங்களிலேயே பாட்டி காலத்துப் பத்துப் பிள்ளைகளையும் இன்றைய இரண்டு பிள்ளைகளையும் ஒப்பிட்டால் புரியும்.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று கொள்ள வேண்டாம். ஆவிகளோடு பேச முடியும் என்று நம்பினார். அம்மைத் தடுப்பூசியைக் கடுமையாக எதிர்த்தார். பஞ்சத்தைக் கண்டித்த அதே 1898 நூலில் தடுப்பூசி ஒரு மாயை என்றும் வாதாடினார். கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த ஒன்றைப் பற்றி அவர் எடுத்த முடிவு தவறு.

கடைசிப் புறா

1908இல் பிரிட்டனின் உயரிய விருதுகளில் ஒன்று வாலஸுக்குக் கிடைத்தது. 1913 நவம்பர் 7ஆம் தேதி, 90ஆம் வயதில், இங்கிலாந்தின் பிராட்ஸ்டோன் என்ற ஊரில் தம் வீட்டில் காலமானார்.

பத்து மாதம் கூட ஆகவில்லை. 1914 செப்டம்பர் 1ஆம் தேதி அமெரிக்காவின் சின்சினாட்டி விலங்குத் தோட்டத்தில் ஒரு புறா இறந்தது. தெர்னாத்தே கட்டுரையில், எதுவும் எளிதில் வீழ்த்த முடியாத பெருக்கத்துக்கு எடுத்துக்காட்டாக வாலஸ் காட்டிய பயணப் புறா இனத்தில் அதுதான் கடைசி. ஒரு காலத்தில் பல நூறு கோடியாகப் பறந்த இனம் அது. இருப்புப்பாதையில் ஏறிப் போய்ச் சுட்ட வேட்டைக்காரர்களும், அது கூடு கட்டிய காடுகளை வெட்டியவர்களும் சேர்ந்து அதை முடித்துவிட்டனர். வலுவான சிறகு இருந்தும், பறந்துபோய்ப் பிழைக்க அதற்கு வேறு இடம் மிஞ்சவில்லை.

சிங்கப்பூரின் புக்கிட் தீமாவை ஒட்டி, டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் வாலஸ் பெயரில் ஒரு நடைபாதையும் கல்வி நிலையமும் உள்ளன. அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போனால், விழுந்து மட்கும் மரம் ஒன்றைத் தேடுங்கள். பட்டைக்கு அருகில் கொஞ்ச நேரம் காத்திருந்தால் வண்டுகளைப் பார்க்கலாம்.